மூன்றாவது சிவப்பு அட்டை

1. தரையில் உட்கார்ந்தவன்

நடைப் போட்டிக்கு ஜட்ஜாக நின்ற முதல் நாளே என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கியவர் ஒரு பெண்மணி, அதுவும் என்னைவிட மூத்தவர். மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர் தூக்காமல் விட்டிருந்தால் இந்த வேலைக்கே நான் லாயக்கில்லாமல் போயிருப்பேன்.

என் பெயர் அந்தோணிசாமி. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஐ.டி.ஐ.யோடு சரி, காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கம்பெனி ஸ்போர்ட்ஸில் வேகநடைக்குப் பேர் கொடுத்து, கொஞ்ச காலம் நடந்து, முட்டி தகராறு செய்த பிறகு ஜட்ஜ் பரீட்சை எழுதினேன். வேலை நாளெல்லாம் மைக்ரோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை நடைப் போட்டி. என் மனைவி கேட்பாள், ஆறு நாள் இரும்பில் குறை கண்டுபிடித்தது போதாதா, ஏழாம் நாள் மனுஷன் காலிலும் கண்டுபிடிக்க வேண்டுமா என்று. நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்தப் போட்டி தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நடக்கிறவரின் ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பினால் அது ஓட்டம். முன்னால் வைக்கும் கால், தரை தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. தப்பு வரும்போல இருந்தால் மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிக்கலாம். கண்ணால் தெளிவாகப் பார்த்துவிட்டால் சிவப்பு அட்டை எழுத வேண்டும். மூன்று ஜட்ஜுகள் தனித்தனியாகச் சிவப்பு எழுதிவிட்டால் ஆள் வெளியே. கேமராவெல்லாம் கிடையாது. வெறும் கண் மட்டும்தான்.

அந்த முதல் நாள், நகரத்தில் இருக்கிற ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். தூணைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேல் கூரை போட்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது வாஸ்தவம். விசில் ஊதியதும் தொழில் புத்தி வந்துவிட்டது. பீஸை, அதாவது செய்து முடித்த பாகத்தை, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். குதிகாலைத் தூக்க முடியாதே, அதனால் கண்ணைக் குதிகால் மட்டத்துக்குக் கொண்டுபோனேன். சாலை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அப்போதுதான் காலர் இறுகியது.

தூக்கியவர் தலைமை ஜட்ஜ் சரோஜினி மேடம். அதே பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே உடற்கல்வித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெரூன் நிறக் கோட்டு, வெள்ளை ஷூ, குரல் மட்டும் சாந்தம்.

"கீழ உக்காந்து பாத்தா எல்லாருமே பறக்கிற மாதிரிதான் தெரியும் அந்தோணி. நிமிந்து நின்னு பாருங்க. அப்படியும் தெரிஞ்சாத்தான் தப்பு."

புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது, ஜட்ஜ் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று. நானும் படித்து மார்க் வாங்கியவன்தான். படித்தது மூளையில் இருந்தது, உடம்புக்கு வந்து சேரவில்லை.

2. பஸ்ஸில் வந்த பல்கலைக்கழகம்

சில வருஷம் கழித்து ஒரு நாள் சரோஜினி மேடம் போன் செய்தார். நகரத்தில் வெயில் தாங்கவில்லை, பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், இந்த முறை நடைப் போட்டித் தேர்வை ஓசூரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எங்கள் ஊர்க் குளிருக்கு அப்படி ஒரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் உள்சாலைகள் காலியாகக் கிடக்கும், ஷிப்ட் பஸ் மட்டும் போகும். நான் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டேன். கேன்டீனைத் திறந்துவிடுகிறோம், இட்லி எங்கள் செலவு என்றார்கள்.

விடிந்ததும் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. மாணவர்கள் இறங்குவார்கள், போட்டி நடக்கும், போவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு பல்கலைக்கழகமே இறங்கியது. முதலில் கொடி. அதை இரண்டு மாணவிகள் தரையில் படாமல் பிரித்துப் பிடித்தார்கள். பின்னால் மெரூன் கோட்டுப் போட்ட பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவருக்குக் கோட்டின் முழங்கை கிழிந்து தைத்திருந்தது, ஆனால் பாக்கெட்டில் இருந்த சின்னம் புதிது போலப் பளிச்சென்று இருந்தது. கடைசியாக மேடம் இறங்கினார், கையில் துணி சுற்றிய ஒரு பித்தளை மணியோடு. கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

கேன்டீனில் டீ குடிக்கும்போது அதன் கதையைக் கேட்டேன். யுத்த காலத்தில் அவர்களுடைய மைதானத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்களாம். கூடாரம் போட்டுவிட்டார்கள், ஓட இடமில்லை. வளாகச் சாலையில் ஓடலாம் என்றால், பக்கத்தில் வகுப்பு நடக்கிறது, ஓடக் கூடாது என்று உத்தரவு. மாணவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஓடத்தானே கூடாது, நடக்கலாமே. அப்படிப் பிறந்ததாம் அவர்களுடைய நடைப் போட்டி. பரீட்சை ஹாலில் தொங்கிய மணியை இரவல் வாங்கிக் கடைசிச் சுற்றுக்கு அடித்தார்களாம். திருப்பிக் கொடுத்த பாடில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சிலிர்ப்பும் வந்தது. தடுத்ததையே சாக்காக வைத்து ஒரு விளையாட்டை உண்டாக்கியிருக்கிறார்களே, அடேயப்பா. எங்கள் ஷாப் ப்ளோரில் ஒரு மெஷின் நின்றால் நாங்கள் பேட்டா கேட்போம்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். அந்த மணியை யார் வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவர்தான் அடிக்க வேண்டும். தன்னை முந்திப் போகிறவர்களுக்குக் கடைசிச் சுற்று வந்துவிட்டது என்று அவரே சொல்ல வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒருவரும் வெளியேறாத வருஷம்தான் தலைமை ஜட்ஜ் அடிப்பார்.

"இது தண்டனைங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன், நான் அடிக்கிற வரைக்கும்" என்றார். டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

3. கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம்

அன்றைய போட்டி பெண்களுக்கு. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் வாழைப்பழமும்.

லாவண்யா ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்ப் பெண். அந்தப் பல்கலைக்கழக ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இதுவரை அணியில் இடம் கிடைத்ததில்லை. இந்தத் தடவை விட்டால் படிப்பு முடிந்துவிடும், மறுபடி நடக்க முடியாது. அகில இந்தியப் போட்டிக்குப் போய் வந்தால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனுப் போடலாம் என்று வீட்டில் பேச்சு. அவள் அப்பா வெங்கடப்பா தக்காளி போடுகிறவர். மகள் சொந்த மண்ணில் நடக்கிறாள் என்று அன்றைக்குத் தக்காளியை விட்டுவிட்டு, தக்காளி ஏற்றும் வண்டியிலேயே ஊரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இங்கே ஒரு சிக்கல். என் மனைவிக்கும் பேரிகைதான். அந்த ஊரில் எனக்கு மாப்பிள்ளை மரியாதை உண்டு. இதை மேடத்திடம் முன்கூட்டியே சொன்னேன், வேண்டுமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அவர் என் கண்ணை ஒரு தரம் பார்த்தார். "உங்க கண்ணுக்கு மாமனார் ஊர் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது மேடம் என்றேன். அப்படியானால் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கொடுத்த இடம் கல்வெர்ட்டு என்கிற சின்னப் பாலத்தைத் தாண்டிச் சாலை இறங்குகிற இடம். ஜட்ஜுகளுக்குத் தெரியும், மேட்டில் யாரும் பறக்க மாட்டார்கள். இறக்கத்தில்தான் கால் மேலே எழும்பும். அதுவும் பின்னால் யாராவது விரட்டிக்கொண்டு வந்தால் நிச்சயம்.

லாவண்யா நடந்தது அழகு. இடுப்பு ஆடும், தோள் ஆடாது. பாதி தூரத்துக்கு மேல் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். முதல் ஆள் வெகுதூரம் போய்விட்டாள், அவளைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். லாவண்யாவுக்குப் பின்னால் உயரமான ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டிருந்தாள். இறக்கத்தில் ஒரு சுற்றில் லாவண்யாவின் கால் லேசாகச் சந்தேகமாகத் தெரிந்தது. மஞ்சள் மட்டையைக் காட்டினேன். பார்த்தாள், தலையசைத்தாள், வேகத்தைக் குறைத்தாள்.

எங்களில் யார் யாருக்குச் சிவப்பு எழுதினார் என்று ஜட்ஜுகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. ஆனால் எழுதியது அறிவிப்புப் பலகையில் ஏறும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நின்றேன். பேரிகைக்காரர்கள் விட்டால்தானே. முதல் சிவப்பு ஏறியதும் ஊரே முனகியது. இரண்டாவது ஏறியதும் வெங்கடப்பா சாலையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார். பத்தடி தள்ளி நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாப்ளே, ரெண்டு ஆயிடுச்சு. உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்றேன்."

போட்டி நடக்கும்போது பேசக் கூடாது என்பது சட்டம். இறக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.

இன்னும் இரண்டு சுற்று மிச்சம் இருக்கும்போது, கல்வெர்ட்டு மேட்டிலேயே உயரமான பெண் லாவண்யாவை ஒட்டி வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல இறக்கத்துக்கு வந்தார்கள். லாவண்யா வேகம் பிடித்தாள். நான் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன். பக்கவாட்டில் என்னைக் கடக்கும்போது அவளுடைய இரண்டு பாதமும் தரையில் இல்லை. ஒரு தடவை அல்ல. அடுத்த எட்டிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. பக்கத்தில் நடந்த உயரமான பெண்ணுடைய கால் தரையை விடவே இல்லை. அதனால் சந்தேகப்படவும் வழியில்லாமல் போயிற்று.

நான் எவ்வளவோ பீஸ் ரிஜெக்ட் செய்திருக்கிறேன். சூப்பர்வைசர் முறைத்தால்கூடத் தயங்கியதில்லை. அன்றைக்குத் தயங்கினேன். கண் சிமிட்டிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது உண்மை. கூடவே அந்த உயரமான பெண் ஞாபகம் வந்தாள். அவளுக்கும் எங்கேயோ ஒரு அப்பா இருப்பார், வண்டி பிடித்து வர வசதியில்லாமல். சட்டையில் இருந்த எண்ணை எழுதினேன். அட்டையை வாங்கிப்போக சைக்கிளில் வந்தவரிடம் கொடுத்தேன். வெங்கடப்பா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

4. மணி

தலைமை ஜட்ஜ் சிவப்பு மட்டையை நீட்டும்போது யாரும் அப்பீல் செய்ய முடியாது. லாவண்யா அந்தச் சுற்றை முடித்துக் கோட்டை நெருங்கும்போது சரோஜினி மேடம் குறுக்கே வந்து மட்டையைக் காட்டினார். நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. நடை நின்றது. அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்புறம் எண்ணைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தாள். அன்றைக்கு வெளியேறியது அவள் ஒருத்திதான்.

வெங்கடப்பா ஓடினார். என் வேலை முடிந்துவிடவில்லை, மற்றவர்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். அதனால் அங்கே என்ன பேசினார்கள் என்பது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. வா போகலாம், இவர்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவளும் இரண்டு எட்டு கூடப் போயிருக்கிறாள். மேடம் தடுக்கவில்லையாம், கூப்பிடவும் இல்லையாம். துணியை அவிழ்த்து மணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார். லாவண்யா திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"நாய்னா, மணி அடிக்கணும். முடிச்சுட்டு வரேன்."

"உன்ன வெளிய தள்ளுனவங்களுக்கா அடிக்கப் போற?"

"நடந்துட்டு இருக்கிறவங்களுக்கு. விடுங்க நாய்னா."

சற்று நேரத்தில் முதல் மணிச் சத்தம் எனக்குக் கேட்டது, அது வெகுதூரம் முன்னால் போனவளுக்கு. அடுத்து உயரமான பெண் கடைசிச் சுற்றுக்குக் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவளுக்கு லாவண்யா மணி அடித்திருக்கிறாள். அரைகுறையாக அல்ல, நன்றாக, கம்பெனி காம்பவுண்டுச் சுவரில் பட்டு எதிரொலிக்கும் அளவுக்கு. அழுதுகொண்டேதான் அடித்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்தடுத்து வந்த ஒவ்வொருத்திக்கும் அடித்தாள்.

கடைசியாக ஒரு பெண் மிச்சம் இருந்தாள். உடம்பு கனத்த பெண், மற்றவர்கள் எல்லாம் முடித்து ஷூவைக் கழற்றிய பிறகும் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் போட்டியாக இருந்தால் இந்நேரம் பந்தல் பிரித்திருப்போம். இங்கே ஒருவரும் நகரவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கேன்டீன் பக்கம் போகவில்லை. கிழிந்த முழங்கைப் பெரியவர் உட்பட எல்லாரும் சாலையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். முதலாவதாக வந்தவளும் நின்றாள். ஷிப்ட் பஸ் ஒன்று வந்து, டிரைவர் விஷயம் புரியாமல் ஹாரன் அடித்து, பிறகு என்ன நினைத்தாரோ இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து அவரும் நின்றார். அந்தப் பெண் மணிக் கோட்டுக்கு வந்தபோது லாவண்யா முதல் ஆளுக்கு அடித்ததைவிடப் பலமாக அடித்தாள்.

பல்கலைக்கழகம் என்றால் கட்டடம், பட்டம், கறுப்பு கவுன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் கட்டடத்தை நகரத்திலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தோற்றவள் நிற்கிறாள், ஜெயித்தவள் நிற்கிறாள், வயதானவர்கள் நிற்கிறார்கள், எல்லாரும் ஒரு கடைசி ஆளுக்காக. எத்தனை தலைமுறையாக இப்படி நின்றிருப்பார்கள். அன்றைக்கு நம் சிப்காட் சாலையிலும் நின்றார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, ஜட்ஜ் கும்பிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

5. அவள் கேட்டது

போட்டி முடிந்து நான் மட்டையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவர் வெங்கடப்பா. சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தமே போடவில்லை.

"வெளியூர்க்காரன் போட்டிருந்தா மனசு ஆறியிருக்கும் மாப்ளே. எங்க ஊட்டு மாப்பிள்ள கையாலயே போட்டுட்டீங்களே."

ஒரு வருஷம் பேரிகைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்று கணக்குப் போட்டேன். அவருக்குப் பின்னால் லாவண்யா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஹாஸ்டல் துண்டு கழுத்தில். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அழுதிருந்தாலும் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

"எந்தக் கால் சார்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"எந்தக் கால் வைக்கிறதுக்கு முன்னாடி சார் எந்திரிச்சது? எங்க?"

அகில இந்தியப் போட்டி போயிற்று, கோட்டா போயிற்று, இனிமேல் இவள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கப் போவதில்லை. தெரிந்து இவளுக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவளுடைய கடைசி வருஷத்தை நான் ஒரு அட்டையில் எழுதியிருக்கிறேன்.

"எடது கால் வைக்கிறதுக்கு முன்னாடி. பின்னாடி இருக்கிற வலது கால் சீக்கிரம் கெளம்பிடுது. கல்வெர்ட்டு தாண்டி, அந்தக் கரண்டு கம்பம் வரைக்கும்."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். கல்வெர்ட்டு வரை ஏறிப் போனாள். நடக்க ஆரம்பித்தாள், அதே வேகத்தில். சட்டையில் எண் இல்லை, பின்னால் விரட்ட ஆளில்லை, ஒரு மார்க்கும் கிடைக்காது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். வெங்கடப்பா என் பக்கத்தில் நின்று அவரும் மகளின் காலைப் பார்த்தார். என்னைக் கடந்தாள், கம்பம் வரை போனாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"இப்ப சார்?"

"இப்ப தரையில இருக்கும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை, இருந்தது.

சரி என்று தலையாட்டினாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனாள்.

புதிதாக ஜட்ஜ் வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் கிளாஸ் எடுக்கும்போது சட்டம் எல்லாம் சொல்லித் தருகிறேன், நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது உட்பட. அது புத்தகத்திலேயே இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. நீங்கள் வெளியே அனுப்பியவர் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் முன்னால் வந்து நின்று, எந்தக் கால், எந்த இடம் என்று கேட்கக்கூடும். இப்போதெல்லாம் சிவப்பு அட்டை எழுதுவதற்கு முன் அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் வரவில்லை என்றால் பேனாவைத் திறப்பதில்லை.